இன்னொருக்கா காட்டுங்க

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஏற்கெனவே போதுமான இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கம்பெனி வரவேற்பறைச் சுவரில் மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பதினோரு இடத்தில் இருந்தது. நான் வேலையை விட்டு வந்த பிறகு இன்னும் கூடியிருக்கும். அதனால் சார் என்றே எழுதுகிறேன். அங்கே மற்ற சார்களையெல்லாம் பெயர் சேர்த்துச் சொல்வோம். வெறும் சார் என்றால் அவர் ஒருவர்தான்.

காருக்கு உள்ளே என்னென்ன உண்டோ, கதவின் உள்பக்க அட்டை, கை வைக்கும் மேடை, சீட்டு, டம்ளர் வைக்கும் குழி, அதையெல்லாம் செய்கிற கம்பெனி அது. திருப்பரங்குன்றம் தாண்டி, வயலை மேடாக்கிக் கட்டியது. சார் அங்கே டிசைன் இன்ஜினியர். புதிதாக எதையாவது கண்டுபிடித்து, அதற்குப் பேட்டன்ட் வாங்குவது அவர் வேலை. அவர் அறை மாடியில், ஏ.சி. போட்டது. ஆனால் அங்கே அவரைப் பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் வேலை செய்கிற இடத்தில்தான் எங்காவது குந்தி உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்ட சின்ன நோட்டு, ஒரு துண்டுப் பென்சில். பேன்ட் முட்டியில் எப்போதும் தூசி.

ஒரு வேலையைப் பார்த்தால் முழுக்கப் பார்ப்பார். முடிந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்வார்: "இன்னொருக்கா காட்டுங்க."

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "ங்க" போடாமல் அவருக்கு ஒரு பேச்சு முடியாது. எங்களுக்கோ காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து சூப்பர்வைசர் வாயில் "எலே", "ஏப்பா", "இங்க வாடா"தான். அதற்கு நடுவில் ஒருவர் வந்து எதிரே குந்தி உட்கார்ந்து "காட்டுங்க" என்றால், உடம்பில் உள்ள எலும்பெல்லாம் இளகிப்போகும். அது அவர் ஊர்ப் பேச்சு, நாய்க்குட்டியைக்கூட அவர் "வாங்க" என்றுதான் கூப்பிடுவார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்களுக்கு டீ கொண்டுவரும் அண்ணன் ஒருவர் உண்டு. கம்பித் தூக்கில் எட்டு கிளாஸை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். வாசலில் பெரிய வேகத்தடை. அதில் ஏறி இறங்கினாலும் ஒரு சொட்டுச் சிந்தாது. தூக்கின் கைப்பிடியில் அவரே ஒரு வளையம் போட்டு, கிளாஸ் சட்டம் தொங்கி ஆடும்படி செய்திருந்தார். சார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். அண்ணனைத் திரும்பத் திரும்ப வேகத்தடையில் ஏறி இறங்கச் சொன்னார்.

"சார், டீ ஆறிப் பச்சத் தண்ணி ஆகிப்போச்சு. உள்ள அம்புட்டுப் பேரும் என்னத் திங்கப் போறாய்ங்க."

"இன்னொருக்கா மட்டுங்க."

அடுத்த வருடம், வண்டி எப்படிக் குலுங்கினாலும் உள்ளே இருக்கும் டம்ளர் சாயாத ஒரு குழி வந்தது. வரவேற்பறைச் சுவரில் அவர் பெயரோடு இன்னொரு கண்ணாடிச் சட்டம் ஏறியது. "அண்ணே, ஒங்க தூக்கு கார்ல போகுதுண்ணே" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். அண்ணன் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாருக்கும் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். நான் எட்டாவதோடு நின்றவன். கூடவே பிறவியிலேயே ஒரு சந்தேக புத்தி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வருவேன். கம்பெனியில் எனக்கு வைத்த பெயர் டவுட்டு. "டவுட்டண்ணே, இன்னைக்கு சூரியன் சரியா உதிச்சிருச்சா, பாத்துட்டு வந்தீகளா?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். வேறு என்ன செய்ய?

என் வேலை, கதவின் உள்பக்க அட்டையை இரும்புக் கதவில் மாட்டுவது. அட்டையின் பின்னால் ஒன்பது பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். கதவில் ஒன்பது ஓட்டை. நேராக வைத்து உள்ளங்கையால் தட்டினால் ஒவ்வொன்றும் டக்கென்று உள்ளே போய் விரிந்து பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மாட்டியதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சுற்றிலும் திருகு முடுக்கும் காற்றுத் துப்பாக்கிச் சத்தம். ஒன்பதில் ஒன்று மாட்டாவிட்டாலும் அட்டை நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நாலு மாதம் கழித்து எவரோ ஒருவர் காரில் கடகடவென்று சத்தம் வரும். அந்த எவரோ என்னை ரொம்பப் படுத்தினார். சோறு தின்னும்போது வருவார். குளிக்கும்போது வருவார். ஆறாவது கிளிப் மாட்டியதா?

என் மனைவி செல்வி பூக்கட்டி, கோயில் வாசலில் விற்கிறவள். ஒவ்வொரு முடிச்சுப் போட்டதும் நூலைச் சுண்டு விரலால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். அது அவளுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவள் நூல்கண்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒவ்வொரு கிளிப்பின் கழுத்திலும் ஒரு துண்டு நூல் வைத்து, நுனி அட்டைக்கு வெளியே தெரியும்படி விட்டு மாட்டினேன். பிறகு ஒவ்வொரு நுனியையும் சுண்டு விரலால் இழுத்தேன். கிளிப் சரியாக உட்கார்ந்திருந்தால் நூலைக் கவ்விக்கொள்ளும், வராது. உட்காராவிட்டால் நூல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். வந்தால் இன்னொரு தட்டு. எல்லாம் சரியென்றால் வெளி நுனியைப் பிளேடால் நறுக்கிவிடுவேன். என் இடது சுண்டு விரல் சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி உள்பக்கமாக வளைந்தது. அந்த வளைவு நூல் இழுக்க வாகாக இருந்தது. அதன் பிறகு ஆறாவது கிளிப் சோற்றுக்கு வரவில்லை.

கம்பெனி கொடுக்காத எந்தப் பொருளையும் வண்டிக்குள் வைக்கக் கூடாது என்பது விதி. ஆறு மாதம் தெரியாமல் செய்தேன். பிறகு ஒரு வண்டி, கண்ணாடி இறங்கவில்லை என்று திரும்பி வந்தது. கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒன்பது துண்டு வெள்ளை நூல்.

"எவன்டா இது?" என்று சூப்பர்வைசர் நூலைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். "கம்பெனி நடத்துறமா, பூக்கடை நடத்துறமா?"

மறைக்கும் தைரியம் எனக்குக் கிடையாது. கையைத் தூக்கிவிட்டேன். மெமோ எழுத ஆரம்பித்தார்கள். அப்போதுதான் சார் வந்தார். அந்த நூல் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் வைத்தது என்று கேட்கவில்லை.

"எதுக்குங்க வெச்சீங்க?" என்றார்.

உளறி உளறிச் சொன்னேன். எதிரே குந்தி உட்கார்ந்தார். நான் மாட்டினேன், இழுத்தேன், நறுக்கினேன். நோட்டைத் திறந்தார்.

"இன்னொருக்கா காட்டுங்க."

நாலு முறை காட்டினேன். எழுந்து சூப்பர்வைசரிடம் சொன்னார்: "இவருக்கு மெமோ வேண்டாங்க. கடகடன்னு சத்தம் கேட்டுத் திரும்பி வந்ததுல இவரு மாட்டுன கதவு ஒண்ணாச்சும் இருக்குதா, பாருங்க."

ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குப் போய் செல்வியிடம் சொன்னேன். என் சந்தேகம் சரிதான் என்று ஒரு இன்ஜினியரே சொல்லிவிட்டார் என்றேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "இனிமே வீட்டப் பூட்டிட்டு மூணு தடவ இழுக்குறதுக்கும் அவருகிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க."

அதன் பிறகு ஒரு மாதம், தினமும் சார் என் பக்கத்தில்தான். நூல் வழுக்கும்போது எந்த விரலில் தெரிகிறது? எவ்வளவு தூரம் வந்தால் மாட்டவில்லை என்று முடிவு செய்வீர்கள்? மாட்டாமல் போனால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்? என் பயத்தைப் பற்றி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கிண்டல்தான் செய்திருக்கிறார்கள். ஒருவர் அதைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒருமுறை என்னைத் தன் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் காஜிமார் தெருப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே சீட்டுக் கவர் தைக்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். மூலையில் சுருக்கம் விழாமல் ரெக்சினை மடித்துத் தைப்பதில் அவர் கைக்கு இணை கிடையாது. சார் கீழே உட்கார்ந்துவிட்டார். பாய் மடித்துக் காட்டினார். இன்னொருக்கா. காட்டினார். இன்னொருக்கா. மூன்றாவது முறை முடிந்ததும் பாய் ஊசியைக் கீழே வைத்தார்.

"போதும் சார். லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு."

தொழுகைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சார் ஏதோ போன் வந்து வெளியே போனதும் பாய் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, ஒங்க சாரு தங்கமான மனுசருதான். இல்லேங்கல. வந்து அரை மணி நேரமாச்சு. என் மூஞ்சிய இன்னும் பாக்கலயே அவரு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு எம்புட்டுப் பெரிய ஆளு பாய், ஒங்க கடைல வந்து தரைல உக்காந்திருக்காரு" என்றேன்.

"அதத்தான் நானும் பாக்குறேன்" என்றார் பாய்.

திரும்பி வரும்போது, வயதானால் மனிதருக்குப் பொறாமை வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்த நினைப்புக்கு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

நூல் போய்ப் புதுக் கிளிப் வந்தது. அதன் கழுத்திலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிளிப் முழுக்க உட்கார்ந்தால் வால் தானாக ஒடிந்து விழும். உட்காராவிட்டால் தொங்கிக்கொண்டே நிற்கும். யார் பார்த்தாலும் தெரியும். எவ்வளவு அழகான சாமான் தெரியுமா? பார்த்ததும் நான் கைதட்டினேன். அச்சிலிருந்து வந்த முதல் கிளிப்பைச் சார் என் கையில் வைத்தார். "உங்களுக்குத்தாங்க" என்றார். அதை வீட்டுச் சாவியில் கோத்துக்கொண்டேன்.

பாராட்டு விழா நடந்தது. சாருக்குப் போட வேண்டிய சால்வையைத் தட்டில் ஏந்தி நின்றது நான்தான். சுவரில் சட்டம் ஏறியது. அதில் என் பெயரும் இருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, பொய் சொல்லவில்லை. டீ அண்ணன் மாதிரி நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சட்டம் அவருக்கு. அவர் என்னைப் புரிந்துகொண்டது எனக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். "இனி அட்டைய யாரு வேணா மாட்டலாம், டவுட்டு" என்றார் சூப்பர்வைசர். "ஒங்க டவுட்டுக்கே இனி வேலையில்ல." அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. சார் அந்த வழியாகப் போவார். நிற்க மாட்டார். டேப் ஒட்டுகிற கையில் பார்க்க என்ன இருக்கிறது? அவசர வேலை இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒட்டினேன். பிறகு வெளியே வந்து, பைபாஸ் ரோட்டில் கார்களுக்குச் சீட்டுக் கவர் மாட்டுகிற ஒரு கடையில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான்.

இந்த வருடம்தான் அது நடந்தது. என் மகள் பசுமலையில் கல்லூரி படிக்கிறாள். பேட்டன்ட் என்றால் என்ன என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பா, ஒங்க சார் பேரு முழுசா என்னப்பா? அவரு வாங்குன பேட்டன்ட்டச் செல்லுல தேடிப் பாக்கலாம்."

சந்தோஷமாகச் சொன்னேன். வரிசையாக வந்தது. டம்ளர்க் குழி வந்தது. பாய் மடித்த மூலைகூட வந்தது. பிறகு என் கிளிப். முதலில் படம். பழைய முறை எப்படி இருந்தது என்று காட்டும் படமாம். கோட்டுப் படத்தில் ஒரு கை நூலை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையின் சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

"அப்பா!" என்று துள்ளினாள் அவள். "இது ஒங்க கைப்பா!"

செல்வியும் பூவைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். என் கைக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, பத்து என்று எண் போட்டிருந்தது. நூலுக்குப் பன்னிரண்டு.

"என்ன எழுதியிருக்கு? படி" என்றேன். எனக்கு இங்கிலீஷ் வராது. அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அட்டை, கதவு, ஓட்டை, கிளிப். திடீரென்று குரல் இறங்கியது. பிறகு வேகமாகச் சொன்னாள்.

"நடுவுல ஒரு எடத்த விட்டுட்ட" என்றேன்.

"இல்லப்பா."

"விட்டுட்ட. சொல்லு."

ஒன்பதில் ஒன்று மாட்டாததைக் கண்டுபிடிக்கிறதுதானே என் பிழைப்பு.

அவள் செல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "'இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் படிப்புக் குறைந்தவர்கள், கவனக்குறைவானவர்கள். கிளிப் மாட்டாததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அனுமதி இல்லாமல் நூல் போன்ற பொருள்களையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பு அப்படிப்பட்ட தொழிலாளியை நம்பியிருக்க வேண்டிய குறையை நீக்குகிறது.' அம்புட்டுத்தான்ப்பா. விடுங்க, இது வக்கீல் எழுதுற பாஷை."

படிப்புக் குறைந்தவன் என்பது சரி. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கவனக்குறைவு? பயந்தாங்கொள்ளி என்றிருக்கிறார்கள். கிறுக்கு என்றிருக்கிறார்கள். டவுட்டு என்றார்கள். இந்த ஒன்றை மட்டும் என்னை யாரும் சொன்னது கிடையாது. சொல்ல முடியாது. முதன்முதலாகச் சொன்னவர், என் பயத்தை ஒரு மாதம் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்.

சார் ஓய்வு பெற்று, திருவாதவூர் போகிற வழியில் மரம் வைத்து வீடு கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாலு நாள் மனசுக்குள் புழுங்கிவிட்டு ஐந்தாம் நாள் சட்டையை மாட்டினேன்.

"சண்டைக்கா போறீக?" என்றாள் செல்வி.

"ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு வாரேன்."

கேட்டைத் திறந்தபோது சார் திண்டாடிக்கொண்டு ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி யாரென்று தெரியவில்லை. பிறகு பார்வை என் இடது கைக்கு இறங்கியது. முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நூல்காரரு! வாங்க வாங்க. உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

டீயும் வந்தது. குடிக்காமல் கேட்டேன். "சார், நான் கவனக்குறைவான ஆளா சார்?"

அவருக்குப் புரியவில்லை. மகள் படித்ததைச் சொன்னேன். சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தைக்கு ஒன்றை விளக்கும் முன் சிரிப்பது போல.

"அது அப்படித்தானுங்க எழுதோணும். முன்னாடி இருந்த முறைல தப்பு இருக்குதுன்னு சொன்னாத்தான் புதுசுக்குப் பேட்டன்ட் கெடைக்கும். உங்களச் சொல்லலீங்க. பொதுவா எழுதறது."

"அதுல இருக்கது என் கை சார்."

"கைதானுங்க."

"நூலு வச்சவன் நானு சார். மாட்டலையேன்னு பயந்துதான் வச்சேன். ஒங்களுக்குத் தெரியும். நீங்க எழுதிக்கிட்டீக."

சார் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. வருத்தப்படுகிறார், இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும் என்றுதான் நினைத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார். "டீ ஆறுதுங்க" என்றார்.

அந்த முதல் கிளிப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்திருந்தேன். பையில் கைவிட்டால் அதில் வீட்டுச் சாவி கோத்திருக்கிறது. வளையம் இறுகிப்போயிருந்தது. அவர் முன்னால் நகத்தால் நெம்பிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. அப்படியே திரும்பப் போட்டுக்கொண்டேன்.

"வாரேன் சார்."

வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். பழக்க தோஷம், கொண்டியைப் போட்டு, வளைந்த விரலை அதன் அடியில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டி, பிறகு இழுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. அப்படியே நின்றேன். சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டேன்.

சார் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, என் விரலைப் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போயிருந்தது.

"இப்ப விரலக் குடுத்து ஒண்ணு பண்ணுனீங்களே. இன்னொருக்கா காட்டுங்க."

நான் கொண்டியை மேலே தூக்கிவிட்டேன். கேட் தானாக லேசாகத் திறந்துகொண்டது. இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். அவர் கூப்பிட்டாரா என்று தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அந்தக் கேட் திறந்தேதான் கிடக்கும். வழியில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உள்ளே புகுந்தால் அவர் வைத்த கன்றுகளை ஒன்று விடாமல் தின்றுவிடும். போய்ச் சாத்திவிட்டு வரலாமா என்று இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டேன்.